இரண்டு சாண், நாலு விரல்

பந்திங்,
வியாழக்கிழமை

என் கண்ணு விஷ்ணுப்ரியாவுக்கு, அம்மா அமுதவள்ளி எழுதுவது. என் முழங்காலையும் உன் அண்ணன் முதுகையும் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளிடம் சொல்லிவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு சேதியைத் தொடங்கினால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்கிறாய், மீதிப் பாதி என் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. பக்கத்தில் உன் அண்ணன் விமலன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடிதத்தை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து இது, கோணலாக இருக்கும், நிதானமாகப் படி. நம் இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான் என்று நீ அடிக்கடி சொல்வாய். மணி ஒன்றாக இருந்து என்ன, நீ போன் எடுத்து ரொம்ப நாளாகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பின நோசலாலதான் என் சோளம் கெட்டுச்சு, இனிமே எதையும் அனுப்பாதே என்று உன் அண்ணன் உனக்குப் போனில் எழுதிப் போட்டானாமே, அண்ணி சுபா சொல்லி அழுதாள். அது பொய்யம்மா. மருந்தடிக்கும் மெஷினுக்கு நீ அனுப்பிய அந்த நோசலில் ஒரு குற்றமும் இல்லை. நடந்ததை முழுவதும் சொல்கிறேன். அண்ணனை அங்கே கூப்பிட்டுக்கொள்ளக் காகிதம் போடவா என்று கேட்டாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் மற்ற சேதியை முடித்துவிடுகிறேன். புஷ்பவல்லி சித்தி மகன் கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்தது. பத்திரிகை போனில் படமாக வந்தது, வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்கவில்லை. இருந்தாலும் போனேன், சாப்பிட்டேன், பாயசத்தை மட்டும் தொடவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும். பெண் நல்ல பெண், கிள்ளானில் பல் டாக்டராம், கும்பிடத் தெரிகிறது. கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், ஐயர் உன் நட்சத்திரத்தைத் தப்பாகச் சொன்னார், நிறுத்தி இரண்டாம் தடவை சொல்ல வைத்தேன்.

இனி நிலத்துக் கதை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி உன் அண்ணன் முதுகு போனதும், நாகையா மண்டோர் நிலத்தைக் கேட்டு வாங்கி அதில் சோளம் போட்டான் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அது வெறும் வாய்ப்பேச்சு. ஒரு நடவு முடிந்தால் அடுத்த நடவுக்கு மண்டோர் சரி என்று தலையாட்ட வேண்டும். அவர் மகன் கமலநாதன் சுபாங் ஜெயாவில் இருக்கிறான், அந்த இடத்தைக் கல் கொட்டி மேடாக்கி லோரி நிறுத்த வாடகைக்கு விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நிலத்தின் ஒரு ஓரத்தில் மண்டோரின் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது, அதுதான் அவருக்கு உயிர். சோளம் நன்றாக நின்றால் அவர் மகனுக்கு மறுப்புச் சொல்வார். கெட்டால் எந்த வாயால் சொல்வார்? நிலம் போனால் உன் அண்ணன் அந்த முதுகோடு மறுபடியும் லோரியில் ஏற வேண்டும், இல்லை உன்னிடம் வர வேண்டும். இந்த நடவு அப்படிப்பட்ட நடவு.

நாகையா மண்டோரை எனக்கு ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ வயிற்றில் ஆறு மாதம். பழைய தோட்டத்தில் மருந்து பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு ரப்பர் வரிசைக்கு நடுவே லாலாங் புல்லுக்கு மருந்து அடிப்போம், அவர்தான் எங்கள் கும்பலை வேலை வாங்கும் மண்டோர். அடித்துச் சில நாள் கழித்துப் பார்வையிட வந்தார். என் வரிசையில் நடுவே ஒரு கோடு புல் சாகாமல் பச்சையாக நின்றது. எல்லாரையும் கூப்பிட்டு, அமுதம் அடிச்ச எடத்தப் பாருங்கடி, புல்லு சிரிக்குது என்றார். கும்பலே சிரித்தது. தங்கமணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள், அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். வாய் தேய்ந்துபோன பம்பை என்னிடம் கொடுத்தால் மருந்து எப்படிப் பரவும் என்று கேட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தனை பேர் பார்க்க அந்த வரிசையை மறுபடியும் அடிக்க வைத்தார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருந்தேன், என்றைக்காவது அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. அவர் நிலத்தில் பிள்ளை பிழைக்கிறான் என்பதற்காக, வந்தால் கோப்பி கலக்கிக் கொடுப்பேன். சீனி போட மாட்டேன். வயதானவருக்கு இனிப்பு நீர் வந்துவிடும் என்று சொல்லிக்கொள்வேன். அவருக்கு அந்த வியாதி கிடையாது.

இந்த வருஷம் உன் அண்ணன் செகிஞ்சானில் ஒரு சீனரிடமிருந்து பழைய மருந்தடிக்கும் மெஷின் ஒன்றை எடுத்து வந்தான். சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது, ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்பதுபோல இரண்டு பக்கமும் நீளக் குழாய். ஒவ்வொரு கையிலும் ஐந்து நோசல், கிளிப் போட்டு இறுக்கியிருக்கும், தளர்த்தினால் இப்படியும் அப்படியும் நகரும். பழைய நோசல் தேய்ந்திருந்தது, அதனால்தான் நீ வேலை பார்க்கும் விவசாய மெஷின் கடையிலிருந்து மஞ்சள் நிறத்தில் புதியதை அனுப்பினாய். நீ சொன்னதை அவன் எனக்கு மூன்று தடவை சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் இடைவெளி, மருந்து விசிறி மாதிரி விரியும், ஒரு விசிறியின் ஓரம் அடுத்த விசிறியின் மேல் விழ வேண்டும், அப்போதுதான் இடையில் புல் தப்பாது. குழாயை உயர்த்தினால் விசிறி நன்றாக விரியும்தான், ஆனால் காற்று வாங்கிக்கொண்டுபோய் மண்டோரின் வெற்றிலை மேல் போடும். ஆகவே தாழ்வாகத்தான் ஓட்ட வேண்டும், தாழ்வாக ஓட்டினால் இடைவெளி பிசகவே கூடாது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் கெடுத்தேன் என்று சுபா சொல்லிச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் நோசல் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டான், பார்த்தால் ரப்பர் வளையம் இரண்டு குறைகிறது. அதை வாங்க மோட்டார் சைக்கிளில் பந்திங் கடைக்குப் புறப்பட்டான். நான் வந்து அளந்து வக்கிறேன், நீங்க ஒன்னையும் தொடாதீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லாமல் போயிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அவன் போனதும் மண்டோர் வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மெஷினின் இடது கைப்பக்கம் போய் நோசலை நகர்த்தத் தொடங்கிவிட்டார். அந்த மனுஷன் செய்யும்போது நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? நான் வலது கைப்பக்கம் போனேன். அளக்கிற டேப் உன் அண்ணன் சட்டைப்பையோடு கடைக்குப் போய்விட்டது. அரை மீட்டர்னா ரெண்டு சாண், நாலு வெரலு, அவ்ளோதான் லா என்றார் மண்டோர். நானும் ஆமாம் என்றேன், தோட்டத்தில் கன்றுக் குழிக்கெல்லாம் சாண் போட்டுத்தானே அளந்தோம். இத்தனை வருஷத்தில் நானும் அவரும் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான். அதுதான் கெடுத்தது. அவர் கையால் அவர் பக்கம் அளந்தார், என் கையால் என் பக்கம் நான் அளந்தேன். ஒன் பக்கம் சரியா வையி, வரி விட்டுடாதே என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். ஒங்க பக்கத்தப் பாருங்க மண்டோரே, அங்க தப்புனா கேக்க ஆளு இருக்கு என்றேன். அவருடைய கடைசி நோசல் குழாயின் நுனியில் தொங்கியது, என்னுடையது நுனிக்கு ஒரு முழம் முன்பாகவே நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை. அடுத்தவர் பிழை விடுவாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, மெஷினைப் பார்க்கவில்லை. உன் அண்ணன் வந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஏம்மா தொட்டீங்க என்று கத்தினான், பிறகு அளந்தீங்களா என்றான். அளந்தோம் என்று நானும் மண்டோரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் அப்படியே இறுக்கிவிட்டான். ரெண்டு பேரும் சேந்து ஒன்னு சொல்றீங்கன்னா அது எப்புடித் தப்பா இருக்கும்னு நெனச்சேன் என்று பிற்பாடு சொன்னான், பாவம்.

மறுநாள் காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே, சோளத்தை விட்டுப் புல்லை மட்டும் சாகடிக்கும் அந்த மருந்தை அடித்து முடித்தான். வெற்றிலைக்கு ஒரு சொட்டுப் படவில்லை, அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் காடு கைலித் துணி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பட்டையில் சீப்பால் வாரிவிட்டாற்போலப் புல் வரிவரியாகப் பச்சையாய் நிற்கிறது. அடுத்த பட்டையில் புல் ஒன்றுகூட இல்லை, ஆனால் சோளத்தின் நுனியெல்லாம் மஞ்சளித்துச் சுருண்டு கிடக்கிறது. டிராக்டர் போய்த் திரும்பி வரும்போது மண்டோர் அளந்த கை ஓடிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் மண்டோர் கை, நான் அளந்த கைக்குப் பக்கத்தில் என் கை, அதனால் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. ஆனால் இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. உன் அண்ணன் சோறு இறங்காமல் திரிந்தான். நோசலைத் தவிர மற்றதெல்லாம் பழசு, பழசு நேற்றுவரை ஓடியது, அதனால் புதுசுதான் காரணம் என்று முடிவு கட்டி, அந்தக் கோபத்தில்தான் உனக்கு அப்படி எழுதிப் போட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை கமலநாதன் காரில் வந்து இறங்கினான். சப்பாத்தில் மண் ஒட்டாமல் வரப்பிலேயே நின்றுகொண்டு, அப்பா, இது சோளமா புல்லுக்காடா, நீங்களே சொல்லுங்க, லோரி கம்பெனிக்காரன் நாளைக்கே வர்றேங்குறான் என்றான். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, தங்கச்சி அனுப்புன நோசல் இந்தக் கொழாய்க்குச் சேரல பொஸ், அடுத்த தடவ மாத்திடறேன் என்றான். அடுத்த தடவன்னு ஒன்னு இருந்தாத்தானே என்றான் கமலநாதன். அப்போது சுபா சோறு கொண்டுவந்தாள். அவளுக்கு வீட்டில் ரவிக்கை தைக்கும் வேலை, அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும், சாமி கும்பிடும்போதுகூட எடுக்க மாட்டாள். சோற்றை வைத்துவிட்டு நாடாவை உருவி மெஷின் குழாயோரமாகப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுதும் பிடித்தாள், மறுபக்கம் வந்து பிடித்தாள். தாத்தா பக்கம் இருபத்திரண்டு இஞ்சி, அத்தை பக்கம் பதினாறரை, வேண்டியது இருபதுக்குத் துளி கொறைய என்றாள். அகலமாக வைத்த பக்கம் இடையில் புல் தப்பியிருக்கிறது, நெருக்கி வைத்த பக்கம் மருந்து மிஞ்சி விழுந்து சோளம் காய்ந்திருக்கிறது. யார் வச்ச அளவு இது என்று கமலநாதன் கேட்டான். சுபா என் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்மேல் விரித்து வைத்தாள். மண்டோர் தாமாகவே வந்து பக்கத்தில் தம் கையை விரித்து வைத்தார். அவர் கை உர மூட்டையைத் தூக்கிய கை, அதன் பக்கத்தில் என் கை பிள்ளைக் கை மாதிரி இருந்தது.

கண்ணு, அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கண் முன்னால் புல், அதை விட்டது அவர் கை, கேட்க அவர் மகனே நிற்கிறான். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வரும்? ஆனால் மகன் எதிரில் அவரைக் கூனிக்குறுக வைத்தால் அந்த நிமிஷமே நிலம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். உன் அண்ணனுக்காக மூடினேன், அவருக்காக இல்லை. நான் மூடியதும் மண்டோர் திறந்தார். பையன் மேல தப்பு இல்ல, நான் அளந்த எடத்துலதான் புல்லு சிரிக்குது என்றார். மகனிடம் பேசுகிறார், பார்ப்பது என்னை. அதோடும் நிற்கவில்லை. அன்னிக்கு அமுதத்துக்கு நான் குடுத்த பம்பும் தேஞ்ச பம்புதான், எனக்குத் தெரியும் என்றார். எந்தப் பம்பு, எந்த அமுதம் என்று கமலநாதன் விழித்தான், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்த நடவும் இவன்தான், அடுத்த நடவும் இவன்தான், நான் கண்ண மூடுன பொறவு நீ கல்லக் கொட்டிக்கோ என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். இத்தனை வருஷமும் அந்த வார்த்தை எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவரும் வைத்திருந்திருக்கிறார். நான் சொல்ல வேண்டியதை அவரே எடுத்துச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போகும்போது சும்மா போனாரா, ஆனா அமுதம் பக்கம் சோளம் அழுவுது, அதயும் எழுதி வச்சுக்க என்றார். மண்டோர் மண்டோர்தான்.

பிறகு நாங்கள் எல்லாரும் இறங்கி அந்த வரிப் புல்லைக் கொத்திப் போட்டோம். மஞ்சளித்த சோளம் குருத்து விட்டுவிட்டது, புது இலை பச்சையாக வருகிறது, சாகவில்லை, பயப்படாதே. சுபாவின் நாடாவை வைத்து உன் அண்ணன் நோசலை எல்லாம் மறுபடியும் நகர்த்தினான், எங்கள் இருவரையும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். மருந்து ஊற்றாமல் வெறும் தண்ணீரைக் கொட்டகை முன்னால் உள்ள சிமெண்டுத் தரையில் அடித்துக்காட்டினான். தரை முழுக்க ஒரே மாதிரி நனைந்தது, வெயிலில் ஒரே மாதிரி காய்ந்தது, ஒரு கோடு முந்தவும் இல்லை, ஒரு கோடு பிந்தவும் இல்லை. அப்படியானால் உன் நோசல் தங்கம். நானும் மண்டோரும் அந்தத் தரை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பி கொடுத்தேன். ஒரு கரண்டி சீனி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், மிச்சத்தையும் குடித்தார். முழுக்க மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தங்கமணி சிரித்தது அப்படியே பாக்கி இருக்கிறது.

அதனால் அண்ணனுக்குக் காகிதம் எதுவும் இப்போது போடாதே. கூப்பிட மனசிருக்கிறதே, அது போதும், அந்த மனசை அப்படியே வைத்திரு. அவனுக்கு இங்கே நிற்க இடம் இருக்கிறது. உனக்குப் போன் செய்யத் தினமும் எடுக்கிறான், உன் படத்தைப் பார்க்கிறான், திரும்பச் சட்டைப்பையில் போடுகிறான். வெட்கம், வேறொன்றும் இல்லை. நீ பேசு. நோசலைப் பற்றி நீயாக எடுக்காதே, அவனே எடுப்பான், அதுவரை சோளத்தைப் பற்றிக் கேள், சுபாவைப் பற்றிக் கேள். நான் எழுதியதாகச் சொல்லாதே. சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறாயா? மாப்பிள்ளை காரை வேகமாக ஓட்டுவதாகச் சின்னவள் சொன்னாள், அம்மா சொன்னதாகச் சொல்லி நிதானமாகப் போகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், போன இடத்தில் வேர் பிடித்து, வீட்டில் சிரிப்புக் குறையாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். மாரியாத்தாள் துணை இருப்பாள்.

ஒன்று மறந்துவிடாதே. இந்தத் தாளின் பின்பக்கம் என் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். ஒரு சாண் ஏழு இஞ்சிக்கு மேல் வராது என்று சுபா அடித்துச் சொல்கிறாள். நீ நல்ல நாடாவாகப் பார்த்து அளந்து எனக்குச் சொல். அளந்த பிறகு சின்னவளின் கையை அதன்மேல் வைத்துப் பார், எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா,
அமுதவள்ளி